ஒரு டெர்மினல், மூன்று கோடிங் ஏஜென்ட்: வேலையைப் பிரிப்பதும் சேர்ப்பதும்

கிளாட் கோட், கோடெக்ஸ், ஜெமினி சிஎல்ஐ, எய்டர் எல்லாமே டெர்மினலிலேயே ஓடும் கோடிங் ஏஜென்ட்கள், அதாவது சொன்ன வேலைக்குத் தாங்களே கோடு எழுதும் ஏஐ கருவிகள். ஒன்றுக்கு வேலை கொடுத்துவிட்டு அது முடிக்கும்வரை திரையையே பார்த்துக்கொண்டிருப்பது வீண் என்று சீக்கிரமே தோன்றிவிடும். இரண்டாவதைத் திறப்போம். இரண்டும் ஒரே ஃபோல்டரில் உட்கார்ந்தால் ஒன்று எழுதியதை இன்னொன்று அழிக்கும். ஒன்று பிராஞ்ச் (கோடின் தனிக் கிளை) மாற்றினால் மற்றது பாதி படித்து வைத்திருந்த கோப்பு வேறாகிப்போகும். ஒரே நேரத்தில் இரண்டும் கமிட் செய்ய, அதாவது மாற்றத்தைப் பதிவுசெய்யப் போனால், 'இண்டெக்ஸ்.லாக்' என்ற பூட்டுக்கோப்பு இருக்கிறது என்று, மாற்றங்களின் வரலாற்றை வைத்திருக்கும் கிட் கோபித்துக்கொள்ளும்.

காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர் பக்கம் வீட்டிலிருந்தபடியே வெளியூர்க் கம்பெனிகளுக்கு வேலை பார்ப்பவர்களையும், உள்ளூர்க் கடைக்கும் பட்டறைக்கும் மென்பொருள் செய்து தருபவர்களையும் மனதில் வைத்து இதை எழுதுகிறோம். எடுத்துக்காட்டுக்கு ஓர் ஆத்தங்குடிக் கல் பட்டறையின் ஆர்டர் மென்பொருளை எடுத்துக்கொள்வோம். ஜாங்கோவில் எழுதியது, டேட்டாபேஸ் போஸ்ட்கிரெஸ். வேறு மொழியில், வேறு கருவியில் வேலை செய்பவர்களுக்கும் பெரும்பாலானவை அப்படியே பொருந்தும்.

எத்தனை ஏஜென்ட் ஓட்டலாம் என்ற கேள்விக்கு எங்கள் பதில்: ஒரு நாளில் எத்தனை டிஃப்பை (மாறிய வரிகளின் பட்டியலை) உங்களால் வரிவரியாகப் படிக்க முடியுமோ அத்தனை. இரண்டில் ஆரம்பியுங்கள். மூன்று வரை கை பழகிவிடும். அதற்கு மேல் போனால் படிக்காமலே மெர்ஜ் செய்யும் (பிராஞ்சை மெயினில் சேர்க்கும்) பழக்கம் ஒட்டிக்கொள்ளும், அது நல்லதல்ல.

வேலையை எங்கே வெட்டுவது

பட்டறைக்கு மூன்று வேண்டும். அறையின் அளவைச் சொன்னால் எத்தனை கல் என்று கணக்கிட வேண்டும், ஆர்டர் சீட்டை பிடிஎஃப்பாக எடுக்க வேண்டும், டிசைன் படங்களைக் காட்ட ஒரு பக்கம் வேண்டும். மூன்றும் தனித்தனி வேலை போலத்தான் தெரியும். ஆனால் சீட்டில் அச்சாகும் எண் கணக்கிலிருந்து வர வேண்டியது. இதைக் கவனிக்காமல் இரண்டையும் ஒரே நேரத்தில் இரண்டு ஏஜென்ட்களிடம் விட்டால் என்ன நடக்கும் என்று எண்ணை வைத்தே பார்ப்போம்.

கல் 8 அங்குலச் சதுரம். அறை 10க்கு 10 அடி. ஒரு பக்கம் 120 அங்குலம், அதாவது 15 கல், மொத்தம் 225. சுற்றிலும் ஒரு வரிசை பார்டர் ஓட்டினால் மூலைக்கல் 4, பார்டர் கல் 52, உள்ளே 169. சேதாரத்துக்கு 5 சதவீதம் கூட்ட வேண்டும். மொத்தத்தின் மேல் கூட்டினால் 236.25, முழுக்கல்லாக 237. வகைவாரியாகக் கூட்டினால் மூலை 5, பார்டர் 55, உள்கல் 178, ஆக 238. இதே அளவில் மூன்று அறை என்றால் இன்னொரு பிரிவு வரும்: அறை அறையாக மேலே முழுமையாக்கினால் 711, மூன்றையும் சேர்த்துக் கடைசியில் முழுமையாக்கினால் 709.

கணக்கு ஏஜென்ட் இதில் ஒரு முறையைப் பிடித்துக்கொள்ளும். சீட்டு ஏஜென்ட்டுக்குக் கணக்கு இன்னும் வந்து சேரவில்லை என்பதால் அது தன் கோப்புக்குள்ளேயே ஒரு கூட்டலை எழுதிக்கொள்ளும். இரண்டும் வேறு வேறு கோப்புகள், ஆகவே மெர்ஜில் கிட் எந்த முரணும் காட்டாது. அவரவர் எழுதிய டெஸ்ட் அவரவருக்கு பாஸாகும். கடைசியில் திரையில் 238 இருக்கும், வாடிக்கையாளர் கையில் போகும் சீட்டில் 237 இருக்கும். பட்டறைக்காரரைக் கேட்டால் உடனே சொல்வார்: மூலைக்கல்லின் பூவேலை வேறு, அது உடைந்தால் உள்கல்லை அங்கே வைக்க முடியாது, ஆகவே வகைவாரிக் கணக்குதான் சரி. ஏஜென்ட்டுக்கு அது தெரிய வழியில்லை.

பல ஏஜென்ட் வேலையில் நேரத்தைத் தின்னும் தவறுகளில் பல இந்த வகைதான். கிட் காட்டும் முரணைத் தீர்த்துவிடலாம், காட்டாத முரண்தான் வாடிக்கையாளர்வரை போகும். அதனால் இரண்டு வேலையும் தொட்டுக்கொள்ளும் இடத்தை முதலில் நீங்களே எழுதுங்கள். இங்கே அது ஒரே ஒரு ஃபங்ஷன்: நீளம், அகலம், கல் அளவு, சேதாரச் சதவீதம் உள்ளே போக, மூன்று எண்கள் வெளியே வர வேண்டும். உள்ளுடல் காலியாக இருந்தாலும் பரவாயில்லை, பெயரும் உள்ளே வெளியே போவதும் முடிவாக இருக்கட்டும். கூடவே 5, 55, 178 என்று எதிர்பார்க்கும் ஒரு டெஸ்ட். இதை மெயின் பிராஞ்சில் கமிட் செய்த பிறகுதான் பிரிக்க வேண்டும். சீட்டு ஏஜென்ட் அந்த ஃபங்ஷனை அழைக்கும், தானாகக் கணக்குப் போடாது.

ஒவ்வொரு ஏஜென்ட்டுக்கும் வேலையை ஒரு சிறு கோப்பாக எழுதிக் கொடுங்கள். பேச்சுவாக்கில் சொன்னது உரையாடல் நீண்டபின் சுருக்கத்தில் காணாமல் போகும், கோப்பில் இருப்பதை மீண்டும் படிக்கச் சொல்லலாம். கல் கணக்குக்கான கோப்பு இப்படி இருந்தால் போதும்:

'செய்ய வேண்டியது: கல் எண்ணிக்கை ஃபங்ஷனின் உள்ளுடல். தொடலாம்: கணக்கு ஃபோல்டரும் அதன் டெஸ்ட்டும். தொடக்கூடாது: மாடல்கள், மைக்ரேஷன், செட்டிங்ஸ், ரெக்வயர்மென்ட்ஸ். முடிந்தது என்பதற்கு அடையாளம்: 10க்கு 10 அறைக்கு மூலை 5, பார்டர் 55, உள்கல் 178, அறை அளவு கல்லின் மடங்காக இல்லாவிட்டால் வெட்டுக்கல்லும் முழுக்கல்லாக எண்ணப்பட வேண்டும். ஏற்கெனவே உள்ள டெஸ்ட்டை மாற்றாதே. சந்தேகம் வந்தால் ஊகிக்காமல் நிறுத்திக் கேள்.'

தமிழில் எழுதினாலே இவை புரிந்துகொள்ளும். ஆங்கிலத்தைவிடத் தமிழுக்கு டோக்கன் (ஏஜென்ட் உரையை எண்ணும் அலகு) கூடுதலாகச் செலவாகும், ஆனால் பத்து வரிக்கு அது பெரிய செலவில்லை. பட்டறை வழக்கத்தைத் தமிழில்தான் துல்லியமாகச் சொல்ல முடிகிறது என்றால் தயங்காமல் தமிழில் சொல்லுங்கள்.

டேட்டாபேஸ் அமைப்பை மாற்றும் வேலையை ஒரு நேரத்தில் ஒரே ஏஜென்ட்டிடம் கொடுங்கள். இரண்டு ஏஜென்ட்கள் ஆளுக்கு ஒரு 0007 மைக்ரேஷன் (அமைப்பு மாற்றத்தைச் சொல்லும் கோப்பு) உருவாக்கினால் கோப்புப் பெயர்கள் வேறாக இருப்பதால் கிட் பேசாமல் சேர்த்துவிடும். பிறகு ஜாங்கோ முரண் என்று நின்றுவிடும். 'மேக்மைக்ரேஷன்ஸ்' கட்டளையை மெர்ஜ் விருப்பத்தோடு ஓட்டித் தீர்க்கலாம்தான், ஆனால் இரண்டும் ஒரே அட்டவணையைத் தொட்டிருந்தால் கையால் பார்த்தே ஆக வேண்டும்.

ஆளுக்கு ஒரு ஃபோல்டர்

கிட் வொர்க்ட்ரீ 2015இல் வந்த 2.5 பதிப்பிலிருந்து இருக்கிறது. ஒரே ரிப்போவுக்குப் (ப்ராஜெக்ட்டின் கிட் களஞ்சியத்துக்கு) பல வேலை ஃபோல்டர்கள் வைத்துக்கொள்ளும் வசதி அது. வரலாறு முழுவதும் ஒரே இடத்தில் கிடக்கும், ஃபோல்டர் மட்டும் தனித்தனி. முழு குளோன் எடுப்பதைவிட இடமும் குறைவு, நெட்டும் தேவையில்லை.

கட்டளை 'கிட் வொர்க்ட்ரீ ஆட்'. அதன்பின் வரிசையாக மைனஸ் பி (-b), புதிய பிராஞ்ச் பெயர், ஃபோல்டர் பாதை, கடைசியில் மெயின். ஃபோல்டரை ரிப்போவுக்குள் வைக்காமல் பக்கத்தில் வையுங்கள். உள்ளே வைத்தால் தேடல் கருவிகளும் டெஸ்ட் கருவியும் அதற்குள்ளும் புகுந்து ஒரே கோப்பை இரண்டு முறை காட்டும். ஒரே பிராஞ்சை இரண்டு வொர்க்ட்ரீயில் திறக்க கிட் அனுமதிக்காது. அந்த மறுப்பு உங்களைக் காப்பாற்றத்தான், அதைத் தாண்டும் வழி தேடாதீர்கள்.

ஃபோல்டர் தனி என்றாலும் சில பொருட்கள் பொது. ஸ்டாஷ், அதாவது முடிக்காத மாற்றங்களைத் தற்காலிகமாக ஒதுக்கி வைக்கும் இடம், அதில் மோசமானது. எல்லா வொர்க்ட்ரீக்கும் ஒரே ஸ்டாஷ் அடுக்குதான். ஓர் ஏஜென்ட் பாதி வேலையை ஸ்டாஷில் போட, இன்னொன்று வந்து 'ஸ்டாஷ் பாப்' கொடுத்தால் அந்நியக் கோடு இதன் ஃபோல்டரில் வந்து விழும். ஸ்டாஷ் பயன்படுத்தாதே, அதற்குப் பதில் தற்காலிகக் கமிட் போடு என்று விதிக்கோப்பிலேயே எழுதிவிடுங்கள். ஹூக்குகளும் ரிப்போவின் கான்ஃபிக்கும்கூடப் பொதுவானவைதான்.

விதிக்கோப்பு என்றோம். கோடெக்ஸ் 'ஏஜென்ட்ஸ்.எம்டி' படிக்கும், கிளாட் கோட் 'கிளாட்.எம்டி' படிக்கும், ஜெமினிக்கு 'ஜெமினி.எம்டி'. மூன்றையும் தனித்தனியாக எழுதினால் ஒரு மாதத்தில் ஒன்றுக்கொன்று மாறிப்போகும். விதிகளை முதலாவதில் மட்டும் எழுதி, மற்ற இரண்டையும் அதற்கு சிம்லிங்க் (அந்தக் கோப்பையே காட்டும் இணைப்பு) ஆக்கிவிடுங்கள். டெஸ்ட் ஓட்டும் கட்டளை, தடைகள், கமிட் செய்தியின் வடிவம் மூன்றும் இருந்தால் போதும். இரண்டு பக்கத்துக்கு மேல் போனால் முக்கியமானது உள்ளே அமுங்கிவிடும்.

போர்ட், டேட்டாபேஸ், வென்வ்

வொர்க்ட்ரீ போட்டாயிற்று, இனிக் கவலையில்லை என்று நினைக்கும் இடத்தில்தான் அடுத்த வலி. கிட் கண்காணிக்காத எதுவும் புது ஃபோல்டருக்கு வராது. '.என்வ்' என்ற அமைப்புக் கோப்பு இருக்காது, பைத்தான் வென்வ் (ப்ராஜெக்ட்டுக்கான தனி பேக்கேஜ் ஃபோல்டர்) இருக்காது, நோட் மாட்யூல்ஸ் இருக்காது. ஏஜென்ட் இதைப் பார்த்துத் தானே ஒரு '.என்வ்' கற்பனை செய்து எழுதும், அல்லது மெயின் ஃபோல்டரில் இருப்பதைப் போய் எடுத்துக்கொள்ளும். இரண்டாவதுதான் அதிக ஆபத்து.

மெயின் ஃபோல்டரின் வென்வை அப்படியே பயன்படுத்தினால், அதில் உங்கள் பேக்கேஜ் எடிட்டபிள் முறையில் (நகல் எடுக்காமல் மூல ஃபோல்டரையே காட்டும்படி) இன்ஸ்டால் ஆகியிருந்தால், இம்போர்ட் எல்லாம் மெயின் ஃபோல்டரையே காட்டக்கூடும். ஏஜென்ட் தன் ஃபோல்டரில் கோடை மாற்றுகிறது, டெஸ்ட் ஓட்டுகிறது, டெஸ்ட் சோதிப்பதோ மெயினில் உள்ள பழைய கோடை. என்ன மாற்றினாலும் பிழை போகாது, அல்லது எதை உடைத்தாலும் எல்லாம் பாஸ். இரண்டு அறிகுறியில் எது தெரிந்தாலும் முதலில் பைத்தானில் அந்த மாட்யூலின் கோப்புப் பாதையை அச்சிட்டுப் பாருங்கள். வென்வை வேறு ஃபோல்டரிலிருந்து நகலெடுக்கவும் கூடாது, அதற்குள் பழைய பாதைகள் பதிந்திருக்கும். ஒவ்வொரு வொர்க்ட்ரீயிலும் புதிதாக உருவாக்குங்கள். 'யூவி' கருவி ஏற்கெனவே இறக்கிய பேக்கேஜ்களைத் தன் கேஷிலிருந்தே எடுத்துக்கொள்வதால் இது சீக்கிரம் முடிந்துவிடும்.

அடுத்தது டெஸ்ட் டேட்டாபேஸ். ஜாங்கோ உங்கள் டேட்டாபேஸ் பெயருக்கு முன்னால் 'டெஸ்ட்' சேர்த்து ஒரு தற்காலிக டேட்டாபேஸ் உண்டாக்கி, முடிந்ததும் அழிக்கும். இரண்டு வொர்க்ட்ரீயிலும் பெயர் ஒன்றே என்றால் ஒன்று ஓடிக்கொண்டிருக்கும்போது மற்றது வந்து, இது ஏற்கெனவே இருக்கிறதே, அழிக்கட்டுமா என்று கேட்கும். கேள்வி கேட்காத முறையில் ஓட்டினால் கேட்காமலே அழிக்கப் பார்க்கும், போஸ்ட்கிரெஸ் வேறொருவர் இணைந்திருக்கிறார் என்று மறுக்கும். இந்தப் பிழையைப் பார்க்கும் ஏஜென்ட் தன் கோடில்தான் குறை என்று எண்ணி, நன்றாக இருக்கும் செட்டிங்ஸைத் திருத்தக் கிளம்பிவிடும். டேட்டாபேஸ் பெயரை '.என்வ்' கோப்பிலிருந்து வாசிக்கும்படி செய்து, வொர்க்ட்ரீக்கு ஒரு பெயர் கொடுத்தால் இந்தத் தொல்லை அடியோடு போய்விடும். மாதிரித் தரவோடு வேண்டுமென்றால் 'கிரியேட்டிபி' கட்டளைக்கு பெரிய எழுத்து டி (-T) விருப்பத்தோடு மூல டேட்டாபேஸைக் காட்டுங்கள். அந்த நேரத்தில் மூலத்தில் யாரும் இணைந்திருக்கக்கூடாது, ஆகவே ஓடும் சர்வரை முதலில் நிறுத்துங்கள். மாதிரித் தரவில் உண்மையான வாடிக்கையாளரின் பெயரும் ஃபோன் நம்பரும் இருக்கவே கூடாது. ஏஜென்ட் படிக்கும் எதுவும் வெளி சர்வருக்குப் போகிறது.

போர்ட் எளிது. ஜாங்கோ 8000இல் நிற்கும், ஆகவே மெயினுக்கு 8000, மற்றவற்றுக்கு 8001, 8002 என்று '.என்வ்' கோப்பில் எழுதிவிடுங்கள். எழுதாவிட்டால் 'போர்ட் பயன்பாட்டில் உள்ளது' என்ற பிழையைப் பார்க்கும் ஏஜென்ட் அந்த போர்ட்டில் இருக்கும் புரோசஸைக் கொன்றுவிடும். அது பக்கத்து ஏஜென்ட்டின் சர்வர். டாக்கர் கம்போஸ் பயன்படுத்துபவர்கள் ப்ராஜெக்ட் பெயரையும் வொர்க்ட்ரீக்கு ஒன்றாக அமைக்க வேண்டும்.

வொர்க்ட்ரீ உண்டாக்கு, '.என்வ்' நகலெடுத்து போர்ட்டையும் டேட்டாபேஸ் பெயரையும் மாற்று, டேட்டாபேஸ் உண்டாக்கு, வென்வ் போடு, டெஸ்ட்டை ஒருமுறை ஓட்டு. இந்த ஐந்தையும் ஒரு ஷெல் ஸ்கிரிப்டாக எழுதி ரிப்போவிலேயே வைத்துவிடுங்கள். கடைசிப் படியை விடாதீர்கள். ஏஜென்ட் உள்ளே வருவதற்கு முன்பே டெஸ்ட் எல்லாம் பாஸாகிறது என்று தெரிந்திருந்தால்தான், பிறகு உடைந்தது யாரால் என்று சொல்ல முடியும்.

டீமக்ஸில் அடுக்குவது

டீமக்ஸ் (tmux) என்பது ஒரே டெர்மினலில் பல ஷெல்களைத் திறந்து வைத்துக்கொள்ளும் கருவி. ப்ராஜெக்ட்டுக்கு ஒரு செஷன், ஏஜென்ட்டுக்கு ஒரு விண்டோ. முதல் விண்டோ உங்களுக்கு: மெயின் ஃபோல்டர், மெர்ஜ், கிட் லாக். ஒரே விண்டோவை நான்கு பேனாக (கட்டமாக)ப் பிரித்து நான்கு ஏஜென்ட்டையும் ஒன்றாகப் பார்ப்பது படத்துக்கு நன்றாக இருக்கும். வேலைக்கு உதவாது, 14 அங்குலத் திரையில் டிஃப் வரிகள் உடைந்து படிக்கவே முடியாது. விண்டோவை மட்டும் இரண்டாகப் பிரித்து, ஒரு பக்கம் ஏஜென்ட், மறுபக்கம் அதே ஃபோல்டரில் ஒரு சாதா ஷெல் வைத்துக்கொள்ளலாம்.

தேவையான விசைகள் சிலவே. எல்லாவற்றுக்கும் முன்னால் கன்ட்ரோல் பி (b). அதன்பின் சி என்றால் புது விண்டோ, காற்புள்ளி என்றால் பெயர் மாற்றம், எண் என்றால் அந்த விண்டோ, இசட் என்றால் ஒரு பேனைத் திரை முழுவதும் விரிப்பது, டி (d) என்றால் செஷனை விட்டு வெளியே வருவது. வெளியே வந்தாலும் உள்ளே எல்லாம் ஓடிக்கொண்டிருக்கும். விண்டோவுக்குப் பிராஞ்ச் பெயரையே வையுங்கள். 'கிளாட் 1', 'கிளாட் 2' என்று வைத்தால் அரை மணியில் எது எதென்று மறந்துவிடும்.

கான்ஃபிக் கோப்பில் இரண்டு வரிகள் அவசியம். டீமக்ஸ் ஒரு பேனுக்கு 2000 வரிதான் நினைவில் வைத்திருக்கும், ஏஜென்ட் ஒருமுறை டெஸ்ட் ஓட்டினாலே அது நிரம்பிவிடும். 'ஹிஸ்டரி லிமிட்' என்பதை 50000 ஆக்குங்கள். இது புதிதாகத் திறக்கும் பேனுக்குத்தான் செல்லும். இரண்டாவது, ஏஜென்ட் விண்டோக்களில் 'மானிட்டர் சைலன்ஸ்' 30. முப்பது விநாடி எந்த எழுத்தும் வராவிட்டால் கீழ்ப்பட்டையில் அந்த விண்டோ பெயர் மாறித் தெரியும். வேலை செய்யும் ஏஜென்ட் ஏதாவது எழுதிக்கொண்டே இருக்கும், அமைதியானால் பெரும்பாலும் உங்கள் அனுமதிக்காகக் காத்திருக்கிறது. கிளாட் கோடில் ஹூக் வழியாகவும், கோடெக்ஸில் நோட்டிஃபை அமைப்பின் வழியாகவும் ஒலி எழுப்பச் செய்யலாம். இது இல்லாவிட்டால் 'ஆமாம்' என்ற ஒரு பதிலுக்காக ஓர் ஏஜென்ட் மதியம் முழுக்க நின்றுகொண்டிருக்கும்.

ஒரு விண்டோவில் உள்ள எல்லாப் பேனுக்கும் ஒரே நேரத்தில் எழுத்தை அனுப்பும் 'சிங்க்ரனைஸ்' வசதியை ஏஜென்ட்களோடு பயன்படுத்தாதீர்கள். ஒன்று கேட்ட கேள்விக்கான 'ஆமாம்' அதே விண்டோவில் உள்ள மற்றவற்றுக்கும் போய்ச் சேரும்.

எதற்கு அனுமதி, எதற்குத் தடை

ஒவ்வொரு கட்டளைக்கும் அனுமதி கேட்டால் மூன்று ஏஜென்ட்டை நடத்த முடியாது. கேட்காமலே எல்லாம் செய்ய விட்டாலும் நடத்த முடியாது. கோப்பு படிப்பது, தன் ஃபோல்டரில் எழுதுவது, டெஸ்ட், கிட் ஸ்டேட்டஸ், டிஃப், கமிட் ஆகியவற்றுக்கு முன்கூட்டியே அனுமதி கொடுங்கள். புஷ், ஃபோர்ஸ், ரீசெட் ஹார்ட், மைக்ரேட், பேக்கேஜ் சேர்ப்பது ஆகியவற்றுக்குக் கேட்கட்டும். கிளாட் கோடில் இது செட்டிங்ஸ் கோப்பில் அனுமதி, கேட்பது, தடை என்ற மூன்று பட்டியல். கோடெக்ஸில் சாண்ட்பாக்ஸ் (ஏஜென்ட் எட்டக்கூடிய எல்லை) மூன்று நிலை: படிக்க மட்டும், வேலை ஃபோல்டரில் எழுத, முழு அனுமதி. நடு நிலையில் நெட் இணைப்பு இயல்பாக மூடியிருக்கும், ஆகவே பேக்கேஜ் இறக்க முடியாமல் தடுமாறும். முன்பே இறக்கி வைத்துவிடுங்கள். வொர்க்ட்ரீயில் கமிட் மட்டும் தோற்றால் காரணம் பெரும்பாலும் இதுவே: கிட்டின் உண்மைத் தரவு மெயின் ஃபோல்டரில் இருக்கிறது, சாண்ட்பாக்ஸ் அதற்குள் எழுத விடவில்லை. அந்தக் கமிட்டைப் பக்கத்து ஷெல்லில் நீங்களே போட்டுவிடலாம்.

எல்லா அனுமதியையும் தாண்டும் கட்டளை விருப்பத்தை உங்கள் சொந்த லேப்டாப்பில் ஒருபோதும் போடாதீர்கள். எஸ்எஸ்எச் சாவியும் வங்கி வேலையும் இருக்கும் மெஷின் அது. தேவை என்றால் கன்டெய்னரில் அல்லது சாவி எதுவும் இல்லாத ஒரு தனி விபிஎஸ்ஸில் (வாடகை சர்வரில்).

கரண்ட், நெட், நினைவகம்

நம் பக்கம் மாதாந்திரப் பராமரிப்புக்கு ஒரு பகல் கரண்ட் போகும், முன்பே அறிவிப்பு வந்துவிடும். அறிவிப்பில்லாமல் போவதும் உண்டு. டீமக்ஸ் இணைப்பு அறுந்தால் காப்பாற்றும், மெஷின் அணைந்தால் காப்பாற்றாது. ஆகவே நீண்ட வேலை எல்லாம் ஒரு விபிஎஸ்ஸில் டீமக்ஸுக்குள் ஓடட்டும், லேப்டாப் வெறும் ஜன்னலாக இருக்கட்டும். நெட் விட்டுவிட்டு வந்தால் எஸ்எஸ்எச்சுக்குப் பதில் மோஷ் போடுங்கள். வைஃபையிலிருந்து ஃபோன் ஹாட்ஸ்பாட்டுக்கு மாறினாலும் அது துண்டிக்காது. சர்வர் ஃபயர்வாலில் யுடிபி 60000 முதல் 61000 வரை திறந்திருக்க வேண்டும். மோஷில் மேலே உருட்டிப் பார்க்க முடியாது, அதற்கும் டீமக்ஸ்தான் கை கொடுக்கும்.

இன்வெர்ட்டர் இருந்தும் நெட் போகிறது என்றால் ஃபைபர் பெட்டியும் ரூட்டரும் இன்வெர்ட்டர் இல்லாத பிளக்கில் இருக்கும். மினி யுபிஎஸ் வாங்குவதானால் இரண்டு அடாப்டரிலும் எழுதியிருக்கும் வோல்ட்டும் ஆம்பியரும் பார்த்து வாங்குங்கள். பழைய செட்டிநாட்டு வீடுகளில் முகப்பில் ரூட்டர் வைத்துவிட்டு இரண்டாங்கட்டில் உட்கார்ந்து வேலை செய்ய முடியாது, அந்தச் சுவர்களைத் தாண்டி வைஃபை வராது. ஒரு லேன் கேபிள் இழுத்துவிடுங்கள். 100 மீட்டர் வரை தாங்கும், எந்த வளவையும் கடந்துவிடும்.

உள்ளூர் மெஷினிலேயே ஓட்டினால், 8 ஜிபி நினைவகத்தில் பிரவுசரும் போஸ்ட்கிரெஸ்ஸும் போக இரண்டு ஏஜென்ட் நிம்மதியாக ஓடும். ஏஜென்ட் தின்பது கொஞ்சம், அது ஓட்டும் டெஸ்ட்டும் பில்டும்தான் தின்னும். 'கில்ட்' என்ற ஒற்றைச் சொல்லோடு ஒரு புரோசஸ் மறைந்தால் பெரும்பாலும் நினைவகம் தீர்ந்துவிட்டது என்று பொருள்.

ஒரே அக்கவுண்டில் ஓடும் ஏஜென்ட்கள் எல்லாம் ஒரே பயன்பாட்டு வரம்பைப் பகிர்ந்துகொள்கின்றன. வரம்பு முடிந்தால் மூன்றும் ஒன்றாக நிற்கும், அதுவும் பாதி வேலையில். ஒவ்வொரு சிறு படி முடிந்ததும் கமிட் செய் என்று விதி வைத்திருந்தால் இழப்பு சில நிமிட வேலைதான். திரும்ப ஆரம்பிக்கும்போது அந்தந்த வொர்க்ட்ரீக்குள் போய் கிளாட் கோடை 'கன்டினியூ' விருப்பத்தோடு திறந்தால் அந்த ஃபோல்டரின் கடைசி உரையாடல் தொடரும். கோடெக்ஸில் 'ரெஸ்யூம்'.

சேர்ப்பது

எல்லாம் முடிந்தபின் மொத்தமாகச் சேர்க்கலாம் என்று வைக்காதீர்கள். முடிந்ததை முடிந்த உடனே படித்துச் சேர்த்துவிட்டால் மற்றவை அதன் மேல் நிற்கும். மற்றவை சார்ந்திருப்பது முதலில், ஆகவே இங்கே கல் கணக்கு, பிறகு சீட்டு, கடைசியில் படப் பக்கம்.

படிக்க 'கிட் டிஃப்' கட்டளையில் மெயினுக்கும் பிராஞ்சுக்கும் நடுவே மூன்று புள்ளி வையுங்கள். பிராஞ்ச் பிரிந்த இடத்திலிருந்து அது செய்ததை மட்டும் காட்டும். இரண்டு புள்ளி வைத்தால் இடையில் மெயினில் வந்த மற்ற மாற்றங்களையும் இது அழித்ததுபோலக் காட்டிக் குழப்பும். முதலில் 'ஸ்டாட்' விருப்பத்தோடு கோப்புப் பட்டியல் பாருங்கள். தொடக்கூடாத ஃபோல்டர் அதில் இருந்தால் மேலே படிக்க வேண்டியதே இல்லை, திருப்பி அனுப்புங்கள்.

அடுத்து டெஸ்ட் கோப்புகள், கோடுக்கு முன்பே. பாஸ் ஆகவில்லை என்றால் டெஸ்ட்டைத் தளர்த்துவது இவற்றிடம் உள்ள குணம். 178 இருந்த இடத்தில் '177க்கு மேல்' என்று மாறியிருக்கும், 'ஸ்கிப்' ஒட்டியிருக்கும், பிழையை விழுங்கும் 'ட்ரை' சேர்ந்திருக்கும். இன்னொரு கம்பெனியின் ஏஜென்ட்டைப் படிக்க மட்டும் அனுமதியோடு திறந்து, டிஃப்பைக் கொடுத்து, வேலைக்கோப்போடு ஒப்பிட்டுக் குறை சொல்லச் சொல்வது பயனுள்ள வழி. எழுதிய ஏஜென்ட்டிடமே சரியா என்று கேட்டால் சரி என்றுதான் சொல்லும்.

மெர்ஜ் ஆனதும் மீதமுள்ள பிராஞ்சுகளை மெயின் மேல் ரீபேஸ் செய்யுங்கள், அதாவது அவற்றின் மாற்றங்களைப் புது மெயினின் மேல் மீண்டும் அடுக்குங்கள். அந்தந்த வொர்க்ட்ரீக்குள் போய், அங்குள்ள ஏஜென்ட்டை நிறுத்திவிட்டுச் செய்ய வேண்டும். ஓடும்போது செய்தால் அதன் நினைவில் பழைய கோப்பு இருக்கும், அதையே திரும்ப எழுதி நீங்கள் சேர்த்ததைத் துடைத்துவிடும். ரீபேஸ் முடிந்ததும், கோப்புகள் மாறியிருக்கின்றன, மீண்டும் படி என்று ஒரு வரி சொல்லிவிட்டுத் தொடரவிடுங்கள். ஒரே முரண் திரும்பத் திரும்ப வந்தால் கிட்டின் 'ரீரீரீ' (rerere) அமைப்பை இயக்குங்கள், ஒருமுறை நீங்கள் தீர்த்த விதத்தை அது நினைவில் வைத்துக்கொள்ளும். பேக்கேஜ் லாக் கோப்பில் முரண் வந்தால் கையால் தீர்க்க வேண்டாம். மெயினில் உள்ளதை எடுத்துக்கொண்டு இன்ஸ்டாலை மறுபடி ஓட்டுங்கள், சரியாக எழுதிக்கொடுக்கும்.

கடைசியாக மெயினில் முழு டெஸ்ட்டும் ஒருமுறை. அதோடு நிற்காமல் 10க்கு 10 அறையை நீங்களே திரையில் போட்டு, சீட்டை பிடிஎஃப் எடுத்து, இரண்டிலும் 238 என்று வருகிறதா பாருங்கள்.

ஒதுக்கிச் சுத்தம் செய்வது

சேர்ந்துவிட்ட வேலைக்கு முதலில் 'வொர்க்ட்ரீ ரிமூவ்', பிறகு பிராஞ்ச் அழிப்பு. வொர்க்ட்ரீயில் திறந்திருக்கும் பிராஞ்சை அழிக்க கிட் விடாது என்பதால் இந்த வரிசை. ரிமூவ் மறுத்தால் கமிட் ஆகாத ஏதோ உள்ளே இருக்கிறது, ஃபோர்ஸ் போடுமுன் ஸ்டேட்டஸ் பாருங்கள். பெரும்பாலும் ஏஜென்ட் சோதனைக்கு எழுதிவைத்த துண்டுக் கோப்பாக இருக்கும், எப்போதாவது உண்மையான வேலையாகவும் இருக்கும். ஃபோல்டரைக் கையால் அழித்துவிட்டிருந்தால் 'வொர்க்ட்ரீ ப்ரூன்' பழைய பதிவை நீக்கும். ஸ்குவாஷ் முறையில் (பல கமிட்டை ஒன்றாக்கி) சேர்த்த பிராஞ்சைச் சிறிய எழுத்து டி (-d) கொண்டு அழிக்க முடியாது, சேர்ந்ததாகவே கிட்டுக்குத் தெரியாது. உள்ளடக்கம் மெயினில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பெரிய எழுத்து டி (-D). பிறகு அந்த வொர்க்ட்ரீயின் டேட்டாபேஸை 'டிராப்டிபி' கொண்டு நீக்கிவிட்டு, டீமக்ஸ் விண்டோவை மூடுங்கள்.